பதிமூன்றாவது மூடி

9

கைப்பையிலிருந்து விழுந்த அந்த ரயில் டிக்கெட்டை அண்ணி என்ன செய்தாள் என்று ஒரு வாரமாகத் தலையைப் பிய்த்துக்கொண்டவர்கள் நிம்மதியாக மூச்சு விடலாம். அவள் அதைப் படித்தாள். மடித்தாள். சின்னுவின் கைப்பையிலேயே திரும்பச் செருகினாள்.

"தையல் கிளாஸுக்கு ரயில்லயா போற?" என்று மட்டும் கேட்டாள்.

சின்னுவுக்குக் குப்பென்று வியர்த்துவிட்டது. மாதம் ஒரு ஞாயிறு தையல் வகுப்பு என்று சொல்லிவிட்டு இரண்டு வருஷமாகப் போய்வருகிறாள். இன்றுவரை ஒரு கைக்குட்டை தைத்து வந்ததில்லை. வீட்டில் ஒருவருக்கும் அது உறைக்காததே அதிசயம்.

"அக்காவைப் பாக்கப் போறேன், அண்ணி."

"அது டிக்கெட்டப் பாத்தாலே தெரியுது. எப்படி இருக்கா?"

"நல்லா இருக்கா. கடையில உக்கார நேரமில்ல."

"அடுத்த தடவை என்னையும் கூட்டிட்டுப் போ. எனக்கும் தையல் கத்துக்கணும்னு ஆசை."

அந்த நிமிஷத்திலிருந்து இரண்டு பேரும் கூட்டுக் களவாணிகள் ஆனார்கள். அதன் பலனை இந்தச் சனிக்கிழமை பார்க்கப் போகிறோம்.

கதையை நடுவில் பிடித்தவர்களுக்காக இரண்டு வார்த்தை. இது தராசு பழுதுபார்க்கும் குடும்பம். மருந்துக்கடைத் தராசிலிருந்து மூட்டை நிறுக்கும் மேடைத் தராசு வரை இவர்கள் பட்டறைக்கு வந்துதான் உண்மை பேசக் கற்றுக்கொள்ளும். அப்பா நாற்பது வருஷமாக இதே வேலை. அண்ணனுக்குப் பட்டறையில் வைத்த பெயர் 'கிராம்'. ஒரு கிராம் கூடினாலோ குறைந்தாலோ அன்று முழுக்கச் சோறு இறங்காது அவனுக்கு. சின்னு கடைக்குட்டி, எழுத்து வேலை, தொலைபேசி, வாடிக்கையாளர் சண்டை எல்லாம் அவள் பொறுப்பு.

நடுவில் ஒருத்தி இருந்தாள். அக்கா. மூன்று பேரில் தராசு வேலை கைவந்தவள் அவள்தான். நாலு வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு, ரயிலில் இரண்டு மணி நேரத் தூரத்தில் இருக்கும் பாலத்து ஊரில் பப் நடத்தப் போவதாகச் சொன்னாள். அப்பா எகிறினார். "அந்தக் கடை வாசல நான் மிதிக்கவே மாட்டேன்" என்றார். "அப்ப இந்தப் பட்டறை வாசல நானும் மிதிக்கல" என்று அவள் கிளம்பினாள். இருவரும் சொன்ன சொல்லில் நிற்கிற ரகம். நின்றுகொண்டே இருக்கிறார்கள்.

இனி சனிக்கிழமை.

*

வருஷத்துக்கு ஒரு தடவை பட்டறை முழுக்க பப் பயணம் போகும். காலை ரயிலில் ஏதாவது ஓர் ஊர், அங்கே நாலு பப், ஒவ்வொன்றிலும் ஆளுக்கு ஒரு கிளாஸ், சாயங்கால ரயிலில் வீடு. பட்டறையும் வீடும் சேர்த்துப் பதிமூன்று பேர். அப்பா மதுவைத் தொடமாட்டார். ஆனாலும் ஒரு வருஷம்கூட வராமல் இருந்ததில்லை. எல்லோருடைய டிக்கெட்டையும் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, கையில் இஞ்சி சோடாவோடு, அடுத்தவர் பாடுகிற பாட்டுக்குத் தப்பாகத் தாளம் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

எந்த ஊர் என்பதைச் சில வாரம் முன்பே ஓட்டுப் போட்டு முடிவு செய்வார்கள். அந்த ஓட்டுத்தான் இந்தச் சனிக்கிழமை. முதல் வருஷம் துண்டுச் சீட்டில் எழுதிப் போட்டார்கள். கையெழுத்தைப் பார்த்து யார் யாருக்குப் போட்டார்கள் என்று கண்டுபிடித்து, வெல்டரும் வண்டி ஓட்டுகிறவரும் ஒரு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அதிலிருந்து சீட்டு கிடையாது. அவரவர் குடித்த பாட்டிலின் மூடியைக் கொண்டுவர வேண்டும். சாமான் அறையில் பெயர் ஒட்டிய குவளை ஊருக்கு ஒன்று இருக்கும். தனியாகப் போய், பிடித்த குவளையில் போட்டுவிட்டு வரவேண்டும். மூடிக்குக் கையெழுத்து கிடையாதல்லவா.

இதுவரை மூடிகளை எண்ணியது அப்பா. எண்ணுகிறவர் நடுவர், நடுவருக்கு ஓட்டு இல்லை. ஆனால் இந்த வருஷம் கிராமின் கையில் ஒரு புதுச் சாமான் இருந்தது.

"எண்ணும் தராசு!" என்று அதை மேசையில் தூக்கி வைத்தான். தூக்கும்போதே பெற்ற பிள்ளையைத் தூக்குகிற முகம். "பத்து மூடிய வெச்சு ஒண்ணோட எடை என்னன்னு ஒரு தடவ சொல்லிக் குடுத்தாப் போதும். அப்புறம் எத்தன கொட்டினாலும் எண்ணிச் சொல்லிடும். திங்கக்கிழம போல்ட் ஃபேக்டரிக்குப் போகுது. அதுக்கு முன்னால இன்னிக்கு நம்ம ஓட்ட எண்ணட்டும்."

"பதிமூணு மூடிய எண்ண ஒரு மெஷினா?" என்றார் வெல்டர். "எனக்குக் கைவிரலே பத்து இருக்கே."

"மீதி மூணுக்கு?"

"செருப்பக் கழட்டுவேன்."

எல்லோரும் சிரித்தார்கள். அப்பா மட்டும் சிரிக்கவில்லை. தராசையே பார்த்துக்கொண்டிருந்தவர், "அப்ப நடுவர் வேல எனக்கு இல்ல. எனக்கும் ஒரு ஓட்டு உண்டு" என்றார்.

சின்னு அண்ணியைத் திரும்பிப் பார்த்தாள்.

மூன்று ஊர்கள் போட்டியில் இருந்தன. துறைமுகம், மலை, பாலம். பாலத்து ஊரைப் போட்டியில் சேர்த்ததே சின்னுதான். 'நாலு பப்பும் நடந்துபோகிற தூரம்' என்று காரணம் சொன்னாள். அந்த நாலில் ஒன்று யாருடையது என்பது பட்டறையில் எல்லோருக்கும் தெரியும். அப்பா எதிரில் அதை வாயால் சொல்லத்தான் ஒருவருக்கும் துணிச்சல் கிடையாது.

ஏன் இந்த வருஷம் இவ்வளவு அவசரம் என்றால், அதற்கும் காரணம் இருந்தது. போன மாதம் அப்பா முழங்காலைத் தேய்த்துக்கொண்டே, "இதுதான் நான் வர்ற கடைசிப் பயணம். ரயில் படி ஏற முடியல" என்று சொல்லிவிட்டார். அடுத்த வருஷம் எந்த ஊர் ஜெயித்து என்ன? அப்பாவையும் அக்காவையும் ஒரே தெருவில் நிறுத்தச் சின்னுவுக்கு இருப்பது இந்த ஒரே ஒரு சனிக்கிழமை.

ஒரு வாரமாக அண்ணியும் அவளும் ஓட்டு வேட்டை ஆடியிருந்தார்கள். வெல்டர் சரி என்றார். தராசு எண்பலகைக்குப் பெயின்ட் அடிக்கிற பெண், பட்டறையில் எல்லோருக்கும் 'பெயின்ட் அக்கா', அவளும் சரி என்றாள். வண்டி ஓட்டுகிறவர், "அந்த ஊரு பீரு நல்லா இருக்கும்" என்று ஒத்துக்கொண்டார். அண்ணியும் சின்னுவும் சேர்த்தால் ஐந்து.

துறைமுகத்துக்கு இரண்டு பேர் எப்போதும் போடுவார்கள். அவர்களுக்குக் கப்பல் பார்க்காவிட்டால் குடித்ததாகவே இராது. மிச்சம் மலை. மலைக்குக் கொடி பிடித்தது கிராம்.

"மலை மேல போகப் போக எடை குறையும், தெரியுமா? சின்னத் தராசு ஒண்ணு எடுத்துட்டுப் போய்க் காட்டறேன்."

"உங்க எடையா?" என்றாள் அண்ணி ஆசையாக.

"எல்லா எடையும்."

"அப்ப நான் பீர் குடிச்சாக்கூடக் கணக்குல வராதுங்கறீங்க."

சின்னு விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள். மலைக்கு ஐந்து. நமக்கு ஐந்து. பதிமூன்றாவது ஓட்டு அப்பாவுடையது. அந்த ஊரைத் தோற்கடிக்கத்தானே மனுஷர் நடுவர் பதவியையே விட்டுவிட்டு ஓட்டுக் கேட்கிறார்? போயிற்று, எல்லாம் போயிற்று என்று அவளுக்கு அழுகை முட்டியது.

*

மதியச் சாப்பாடு முடிந்து ஓட்டு ஆரம்பமானது. சாமான் அறைக் கதவுக்குப் பக்கத்து முக்காலியில் சின்னு உட்கார்ந்துகொண்டாள். எட்டிப் பார்க்கக் கூடாது. ஆனால் காதைப் பொத்திக்கொள்ள வேண்டும் என்று விதி இல்லையே. ஒவ்வொருவராக உள்ளே போனார்கள். 'டிங்' என்று மூடி விழும் சத்தம் கேட்டது. வெளியே வந்தார்கள். ஆளுக்குப் பத்து நொடி.

அப்பா கடைசியாகப் போனார். ஒரு நிமிஷம் ஆயிற்று. இரண்டு ஆயிற்று. டிங் என்ற சத்தமே கேட்கவில்லை. மூன்றாவது நிமிஷம் கதவைத் திறந்துகொண்டு வந்தவர், யார் முகத்தையும் பார்க்காமல் தன் நாற்காலிக்குப் போய் உட்கார்ந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டார்.

"ஃபேன நிறுத்துங்க!" என்று கத்தினான் கிராம்.

காற்றடித்தால் தராசு தடுமாறும். அதனால் பட்டறையில் எதை நிறுத்தாலும் முதலில் ஃபேன் நிற்கும். அப்பாவுக்கு அது போதாது. தட்டில் ஏதாவது வைத்தால் மூச்சையும் பிடித்துக்கொள்வார். நாற்பது வருஷப் பழக்கம். பார்த்துப் பார்த்து இப்போது பட்டறையில் எல்லோருக்குமே அது தொற்றிவிட்டது.

பதிமூன்று பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள்.

துறைமுகம். குவளையின் எடையை முன்பே கழித்துவைத்திருந்ததால், கிராம் குவளையை அப்படியே தட்டில் வைத்தான். திரையில் 2.

மலை. 5.

பாலம். குவளையை வைக்கும்போது சின்னு கண்ணை மூடிக்கொண்டாள். திறந்தபோது திரையில் 5.

"சமம்!" என்று கூவினார் வண்டி ஓட்டுகிறவர்.

அப்பா மலைக்குப் போடவில்லையா? சின்னுவுக்கு ஒன்றும் புரியவில்லை. அவளுக்கு முன்னால் அண்ணிக்கு வேறொன்று புரிந்துவிட்டது.

"அஞ்சும் அஞ்சும் பத்து, ரெண்டு பன்னெண்டு. பதிமூணு பேருல்ல போனோம்?"

கிராமின் முகம் சுருங்கியது. மூன்று குவளையையும் மறுபடி நிறுத்தான். 2. 5. 5. மட்டம் பார்க்கும் குமிழியைக் குனிந்து பார்த்தான். தராசுக்கு அடியில் ஊதினான். மறுபடி நிறுத்தான். தராசு அசைந்து கொடுக்கவில்லை.

"யாரு போடல?"

ஒவ்வொருவரும் போட்டோம் என்றார்கள். துறைமுகக்காரர்கள் சத்தியமே செய்தார்கள். அப்பாவை யாரும் கேட்கவில்லை. அவரைக் கேட்பதா?

"கீழ கொட்டி எண்ணிப் பாத்துட்டாப் போச்சு" என்றார் வெல்டர்.

"இதையே போல்ட் ஃபேக்டரிக்காரன் கிட்டயும் சொல்லுவீங்களா? 'எங்க தராசு எண்ணும், ஆனா எதுக்கும் நீங்களும் ஒரு தடவ எண்ணிக்கங்க'ன்னு?" என்றான் கிராம். மூன்று வாரம் உட்கார்ந்து சரிசெய்த தராசு. "எல்லாரும் போட்டிருக்கீங்க. அது ஒரு ஓட்ட முழுங்கிடுச்சு. தப்பு இதுலதான். நாளைக்குப் பிரிச்சுப் பாக்கறேன்."

இந்த அமளியில் சின்னு குவளைகளை எடுத்துக்கொண்டு சாமான் அறைக்குள் போனாள். கழுவி வைக்கிறேன் என்று பேர். கதவைச் சாத்திவிட்டுப் பாலத்தின் குவளையை உள்ளங்கையில் கவிழ்த்தாள்.

ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து.

ஆறு.

ஆறாவது மூடி மற்றவற்றைப்போல் இல்லை. மற்றவை பல்லுப் பல்லாக விளிம்புள்ள தகர மூடிகள். இது திருகித் திறக்கிற மெல்லிய அலுமினிய மூடி. கையில் இருப்பதே தெரியவில்லை. மேலே மஞ்சள் வட்டம், வட்டத்துக்குள் ஒரு பச்சை இலை. பட்டறையில் இஞ்சி சோடா குடிப்பவர் ஒரே ஒருவர்.

சின்னு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். சிரிப்பும் அழுகையும் ஒன்றாகக் கிளம்பின, எதை முதலில் விடுவது என்றே தெரியவில்லை. அப்பா! மூன்று நிமிஷம் உள்ளே நின்றது இதற்குத்தானா?

ஓடிப்போய் ஆறு என்று கத்த வேண்டும் என்று எழுந்தவள் கதவுப் பிடியில் கை வைத்தபடி நின்றாள். ஆறு என்றால் 'எங்கே காட்டு' என்பார்கள். காட்டினால் இந்த மூடியை எல்லோரும் பார்ப்பார்கள். நாலு வருஷமாக இறங்கி வராத மனுஷர், யாருக்கும் தெரியாது என்ற தைரியத்தில் ஒரே ஒரு படி இறங்கியிருக்கிறார். அதைப் பன்னிரண்டு பேர் முன்னால் போட்டு உடைப்பதா? உடைத்தால் அந்த ஒரு படியையும் திரும்ப ஏறிக்கொண்டுவிட்டால்?

மற்ற ஐந்தையும் குவளையிலேயே போட்டு, ஆறாவதை மட்டும் வலது உள்ளங்கையில் பொத்திக்கொண்டு, குவளையோடு வெளியே வந்தாள்.

வெளியே கிராம் புது ஏற்பாட்டில் இறங்கியிருந்தான். "அஞ்சு மணிக்குக் கவுன்ட்டர் மூடறதுக்குள்ள ஸ்டேஷன்ல எல்லாருக்கும் சேத்து டிக்கெட் எடுக்கணும். நேரமில்ல. கையத் தூக்கிடுங்க, முடிச்சுடலாம். துறைமுகம்?"

இரண்டு கைகள்.

"மலை?"

ஐந்து கைகள் டக்கென்று எழுந்தன. அப்புறம் அப்பாவை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே இன்னும் மூன்று. வண்டி ஓட்டுகிறவர். பெயின்ட் அக்கா. கடைசியில் வெல்டர், கையைத் தூக்கிக்கொண்டு கூரையைப் பார்த்தார். நேற்று, 'உன் அக்காவுக்காக இதுகூடச் செய்யமாட்டேனா' என்று நெஞ்சைத் தட்டிச் சொன்ன அதே வெல்டர்.

"பாலம்?"

சின்னு கையைத் தூக்கினாள். மூடியைப் பொத்திய அதே கை. விரிக்க முடியாது, அதனால் முஷ்டியாகவே தூக்கினாள். அண்ணியின் கை பாதி தூரம் எழுந்து, மாமனாரைப் பார்த்ததும், காதோரம் முடி ஒதுக்குவதுபோல் அங்கேயே நின்றது.

அப்பா எதற்கும் கை தூக்கவில்லை. சின்னுவின் முஷ்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மலை. முடிஞ்சுது" என்றான் கிராம். குரலில் ஜெயித்த சந்தோஷமே இல்லை. சுவரில் மாட்டியிருந்த சிவப்பு அட்டைகளில் ஒன்றை எடுத்தான். 'பழுது. தொடாதே.' பட்டறைக்கு வரும் நோயாளித் தராசுகளுக்கு மாட்டுவது. அதைத் தன் எண்ணும் தராசின் கழுத்தில் கட்டினான். கட்டும்போது கை தயங்கியதைச் சின்னு பார்த்தாள்.

நாற்காலி கிறீச்சிட்டது. அப்பா எழுந்தார். முழங்கால் இடம் கொடுக்கவில்லை. மேசையைப் பிடித்துக்கொண்டு நடந்தார்.

"அதக் கழட்டு."

"எதப்பா?"

"அந்த அட்டைய. தராசுல தப்பில்ல."

"ஒரு ஓட்டு குறையுதேப்பா..."

"அது என்ன பண்ணும்? ஒரு மூடி ரெண்டு கிராமுக்கு மேலன்னு நீ சொல்லிக் குடுத்திருக்க. ஒரு கிராம்கூட இல்லாத மூடிய ஒருத்தன் கொண்டுபோய்ப் போட்டா, அது எப்படி அத முழுசா எண்ணும்?" அப்பா மூச்சு வாங்கினார். "செய்யாத தப்புக்கு ஒரு தராசு கழுத்துல இத மாட்டி நான் பாத்ததில்ல. இன்னிக்கும் பாக்க மாட்டேன். சின்னு, கையத் திற."

சின்னு திறந்தாள். இறுக்கிப் பிடித்ததில் உள்ளங்கையில் வட்டமாகத் தடம் பதிந்திருந்தது. அதற்கு நடுவில் மஞ்சள் மூடி. பச்சை இலை.



"என்னுதுதான்" என்றார் அப்பா. "நாப்பது வருஷமா எடையோடயே கெடந்தவன். ஓட்டுப் போடறப்ப மூடிக்கு எடை உண்டுங்கறதே ஞாபகம் வரல. வேற ஞாபகம்."

கிராம் மூடியைப் பறித்துத் தட்டில் வைத்தான். திரையைப் பார்த்தான். உதடு அசைந்தது, மனக்கணக்குப் போட்டான். அடுத்த நொடி ஒரு துள்ளு துள்ளினான்.

"அஞ்சரைக்குக் கொஞ்சம் கம்மி! அதான் அஞ்சுன்னு காட்டியிருக்கு! அஞ்சரையத் தாண்டியிருந்தா ஆறுன்னு காட்டியிருக்கும்! தராசு சரிப்பா! தராசு சரி!" அட்டையைப் பிய்த்து எறிந்தான். வெல்டரைக் கட்டிப்பிடித்தான்.

"ஏங்க," என்றாள் அண்ணி, "எடை இருக்கட்டும். அது எந்தக் குவளையில இருந்துச்சுன்னு ஒரு வார்த்த கேளுங்களேன்."

"எந்தக் குவளை?" என்றான் கிராம். சின்னு இன்னும் பாலத்தின் குவளையைத்தான் இடது கையில் பிடித்திருந்தாள். அவன் குவளையைப் பார்த்தான், அப்பாவைப் பார்த்தான். வாய் திறந்தபடி நின்றது.

"ஆறு, அஞ்சு, ரெண்டு" என்றாள் சின்னு. கண்ணீர் மூக்கு நுனிவரை வந்துவிட்டது. "பதிமூணு. பாலம் ஜெயிச்சிடுச்சு."

வெல்டர் தூக்கிய கையை இப்போதுதான் இறக்கினார். "நான் நேத்துலருந்தே பாலம்தான்" என்றார். பெயின்ட் அக்கா அவர் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள்.

"ஐயா, ஒரு சந்தேகம்" என்றார் வண்டி ஓட்டுகிறவர். "வாசல மிதிக்க மாட்டேன்னு..."

"வாசலத்தான் சொன்னேன். ஊர மிதிக்க மாட்டேன்னு சொல்லல."

"அப்ப தெருவுலயே நிப்பீங்களா?"

"அத அங்க போய்ப் பாத்துக்கலாம். முதல்ல போய் டிக்கெட் எடுங்க. மணி நாலு."

*

அண்ணி ஸ்டேஷனுக்கு ஓடினாள். மற்றவர்கள் கலைந்தார்கள். சின்னு முன்னறைக்குப் போய்த் தொலைபேசியை எடுத்தாள். பின்னாலேயே அப்பா வந்தார். கையில் பித்தளைத் தட்டும் துணியும்.

"யாருக்குப் பேசற?"

"தையல் டீச்சருக்கு."

"ம். இந்த வருஷமாவது எனக்கொரு சட்ட தெச்சுக் குடுப்பேன்னு பாத்தேன்."

சின்னு திரும்பிப் பார்த்தாள். அவர் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். இரண்டு வருஷமாகத் தெரிந்தேதான் இருந்திருக்கிறது!

"ஒண்ணு சொல்லிடறேன்" என்றார், தட்டைப் பார்த்தபடியே. "ஓட்டுல எந்த ஊர் ஜெயிச்சுதுன்னு மட்டும் சொல்லு. நான் வர்றேன்னு சொல்லாத."

"ஏம்ப்பா?"

"சொல்லாதன்னா சொல்லாத."

நாலாவது மணியில் அக்கா எடுத்தாள். பின்னால் கிளாஸ் கழுவுகிற சத்தம், யாரோ பலமாகச் சிரிக்கிற சத்தம்.

"அக்கா, பட்டறைப் பயணம் இந்த வருஷம் உங்க ஊருக்குத்தான். அடுத்த மாசம் முதல் சனிக்கிழம."

கிளாஸ் சத்தம் நின்றது. "விளையாடாதடி."

"நெஜமா. ஓட்டுப் போட்டு ஜெயிச்சிருக்கு."

"கிராமோட மலை தோத்துப் போச்சா? அழுதானா?"

"துள்ளினான். அது பெரிய கத. நேர்ல சொல்றேன்."

"எத்தன பேரு வர்றீங்க? இடம் போட்டு வைக்கணும்."

சின்னு ஓரக்கண்ணால் பார்த்தாள். அப்பாவின் துணி தட்டிலேயே நின்றுவிட்டது. வர்றேன்னு சொல்லாத. சொல்லவில்லை, எண்ணிக்கையைத்தானே கேட்கிறாள்?

"பதிமூணு."

அப்பாவையும் சேர்த்தால் எத்தனை பேர் என்பது அக்காவுக்குத் தெரியாதா?

"பதிமூணா? எண்ணித்தான் சொல்றியா?"

"அண்ணன் மெஷின்ல எண்ணினது, அக்கா. மூணு தடவ."

மேலே ஃபேன் கடகடத்தது. அப்பா கையை நீட்டி ஃபேனை நிறுத்தினார். மேசையில் தராசு இல்லை, நிறுக்க ஒன்றும் இல்லை. ஆனாலும் நிறுத்தினார். மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அறையே அமைதியானதில் அக்காவின் குரல் வெளியே கேட்டது.

"இஞ்சி சோடா எத்தன எடுத்து வைக்கட்டும்?"

சின்னு அப்பாவைப் பார்த்தாள். அவர் தட்டை மேசையில் வைத்தார். ஒரு விரலைக் காட்டினார். பிறகு கொஞ்சம் யோசித்து, இன்னொரு விரலையும் நிமிர்த்தினார்.

"ரெண்டு" என்றாள் சின்னு.

"ரெண்டா? ஒண்ணு தெரியுது. இன்னொண்ணு?"

"உனக்காம்."

அக்கா மூக்கை உறிஞ்சுவது கேட்டது. அழுகிறாளா, சிரிக்கிறாளா என்று சொல்ல முடியவில்லை. இந்தக் குடும்பத்துக்கே இரண்டும் சேர்ந்துதான் வரும்.

"சரி" என்றாள் கடைசியில். "அப்ப நான் மூணா எடுத்து வைக்கறேன்."

"மூணா? மூணாவது யாருக்கு?"

"வந்து பாருங்க. அவர உக்கார வெச்சுட்டுத்தான் சொல்லணும்." தொடர்பு போய்விட்டது.

அப்பா மூச்சை விட்டார். "மூணுன்னா சொன்னா?"

"மூணு எடுத்து வைக்கறாளாம்ப்பா."

மாதம் தவறாமல் அங்கே போய்வருகிறாள் சின்னு. தனக்கே தெரியாத அந்த மூன்றாவது ஆள் யார்? சின்னு போனை மறுபடி அழுத்தினாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது, அக்கா எடுக்கவில்லை.

அப்பா நீட்டிய கையை இன்னும் மடக்கவில்லை. இரண்டு விரலையும் பார்த்தார். மெதுவாக மூன்றாவதையும் நிமிர்த்தினார். அதைப் பார்த்தபடியே, பின்னால் கையால் துழாவி நாற்காலியைத் தேடினார்.

"ஒண்ணு கூடுதே, சின்னு" என்றார்.